நுவரெலியா போய்ச் சேராத கார்

சனிக்கிழமை. விடிவதற்குச் சற்று முன்பே மாத்தளையில் எங்கள் புடவைக் கடையின் பின்கொட்டகையிலிருந்து எங்கள் பழைய மைனர் காரை வெளியே எடுத்துவிட்டோம். ஓட்டுவது என் தங்கை வாசுகி. பக்கத்து இருக்கையில் நான். பின்னால் அவளுடைய ஸ்பானர் சாவிப்பெட்டி, ஒரு தண்ணீர்க் கேன், இரண்டு கம்பளிச் சட்டைகள். போகுமிடம் நுவரெலியா. ஏப்ரல் சீசன் முடியப்போகிற அந்த வாரத்தில், பழைய கார் வைத்திருக்கிறவர்கள் ஞாயிறு காலை ஏரிக்கரையில் கூடுவதென்று ஏற்பாடு. அதில் எங்கள் காரும் நிற்க வேண்டும் என்பது வாசுகியின் ஆசை. எனக்கு ஆசை ஏதும் இல்லை. நுவரெலியாவில் குளிரும், ஸ்ட்ரோபெரி நன்றாக இருக்கும், இவ்வளவுதான் என் எதிர்பார்ப்பு.

காரைப்பற்றிச் சொல்ல வேண்டும். இளம்பச்சை மொரிஸ் மைனர். அப்பா வாங்கியது. எஞ்சின் இறுகிப்போன பிறகு பல வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. விற்றுவிடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் வாசுகி வேண்டாம் என்றாள். அவள் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிசம் கற்பிக்கிறாள். இருபது வருட அனுபவம். எஞ்சினைக் கழற்றி, கண்டியில் ஒரு பட்டறையில் சிலிண்டர் கடையவும் பெயின்ட் அடிக்கவும் கொடுத்து, மற்ற எல்லாவற்றையும் தன் கையாலேயே பூட்டினாள். ஒன்றரை வருடம் பின்னேரங்களில் கொட்டகையே கதியாகக் கிடந்தாள். பிறகு மாத்தளைக்குள்ளும் தம்புள்ளைப் பக்கமும் பலமுறை ஓட்டிப் பார்த்தாள். குறை ஒன்றும் தெரியவில்லை.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குக் கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாகப் போவதுதான் கிட்ட. வாசுகி ஹட்டன் வழியைத் தேர்ந்தெடுத்தாள்.

"ரம்பொடைப் பக்கம் ஏத்தம் விடாம இருக்கும் அண்ணே. ஹட்டன் பக்கம் நடுவுல நடுவுல சமதரை வரும். புது எஞ்சினுக்கு மூச்சு வாங்க நேரம் கெடைக்கும்" என்றாள்.

அவ்வளவு யோசித்து எடுத்த வழி அது. பிறகு பலமுறை நினைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு முன்பே நாவலப்பிட்டி வந்துவிட்டோம். மாத்தளையிலிருந்து சுமார் அறுபத்தைந்து கிலோமீற்றர். பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் பால்தேத்தண்ணி 120 ரூபாய், உளுந்து வடை 60 ரூபாய். வடை நன்றாகவே இருந்தது. நாங்கள் குடித்து முடிக்கும்வரை வாசுகி எஞ்சினுக்கு அடியில் ஒரு பத்திரிகைத் தாளை விரித்து வைத்திருந்தாள். புறப்படும்போது குனிந்து எடுத்துக் காட்டினாள். சுத்தமாக இருந்தது.

"பாத்தீங்களா? ஒரு சொட்டு இல்ல."

கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "மைனர் ஒயில் சொட்டலேன்னா உள்ள ஒயிலே இல்லேன்னு அர்த்தம்" என்று சிரித்தார். வாசுகியும் சிரித்தாள். எஞ்சினிலிருந்து ஒயில் அளவுகோலை இழுத்து அவருக்குக் காட்டினாள். ஒயில் மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நாவலப்பிட்டியைத் தாண்டினால் ஏற்றம் தொடங்குகிறது. முதலில் இறப்பரும் கித்துள் மரங்களும், பிறகு தேயிலை. கினிகத்தேனைக்குச் சுமார் பன்னிரண்டு கிலோமீற்றர். வாசுகி அவசரப்படவில்லை. பின்னால் வந்த லொறிகளுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டாள். கினிகத்தேனைக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு ஒரு வாடை வந்தது. அடுப்பில் எண்ணெய் சிந்திக் கருகின மாதிரி.

"புதுப் பெயின்ட் சூடாகுது" என்றாள் வாசுகி. ஆனால் கினிகத்தேனை சந்தியில் காரை ஓரம் கட்டினாள். நோட்டன் பிரிட்ஜ் போகிற பஸ் ஒன்று அங்கே ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. பொல்பிட்டிய மின்நிலையத்தில் வேலை செய்கிற இரண்டு பேர் பஸ்ஸில் ஏறாமல் நின்று எங்கள் காரைப் படம் பிடித்தார்கள். வாசுகி தரையில் படுத்து அடியில் பார்த்தாள். எஞ்சினும் கியர்பெட்டியும் சேருகிற இடத்துக்குக் கீழே நாலைந்து சொட்டு.

"பின்பக்கம் கசியுது. இந்த எஞ்சினுக்கு அந்த எடத்துல ரப்பர் சீலே கெடையாது. அந்தக் காலத்துல அப்படித்தான் செஞ்சாங்க. கொஞ்சம் வரும். ஹட்டன்ல போயி நல்லாப் பாத்துக்கலாம்."

அளவுகோலை மறுபடி பார்த்தாள். கொஞ்சம் இறங்கியிருந்தது. பயப்படும்படி இல்லை. நாங்கள் புறப்பட்டோம்.

இந்தப் பக்கத்துக்கு வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. கினிகத்தேனைக்கும் வட்டவளைக்கும் இடையில் உள்ள மலை, மழையை விடாமல் பிடித்து வைத்திருக்கிற மலை. கண்டியில் வெயில் அடிக்கும்போது இங்கே தூறும். ரோட்டின் ஒருபக்கம் தேயிலைச் சரிவு நிமிர்ந்து நிற்கும், மறுபக்கம் இறங்கிப் போகும். ரோடு நல்ல ரோடுதான். ஆனால் வளைவுக்கு வளைவு நீர் வழிந்து, கறுப்பாக, கண்ணாடி மாதிரி கிடக்கும். அன்றைக்கும் தூறல். எங்கள் காரின் துடைப்பான் ஒன்றுதான் வேலை செய்தது. வாசுகி இரண்டாவது கியரில் முனகவிட்டு ஏற்றினாள். வாடை கூடிக்கொண்டே வந்தது. மேட்டில் ஒரு தேத்தண்ணிக் கடை தெரிந்ததும் நிறுத்திவிட்டாள்.

எஞ்சின் ஆறட்டும் என்று இறங்கினோம், அடியில் இன்னும் பார்க்கவில்லை. கடை வாசலில் நின்றபடி கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். கீழேயிருந்து ஒரு ஹட்டன் பஸ் ஏறி வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. ட்ரைவர் ஜன்னலால் தலையை நீட்டினார். நாற்பது வயதிருக்கும். முகம் வெளிறியிருந்தது.

"இது யாரு கார்?"

"எங்களது" என்றேன்.

"கீழ வளைவுல ஒரு ஓட்டோ கவுந்து கெடக்கு. எங்க கண்ணு முன்னாலதான் கவுந்துச்சு. ரோட்ல ஒயில். அந்த எடத்துலேர்ந்து கோடு போட்ட மாதிரி மேல வருது. நான் அந்தக் கோட்டப் பாத்துக்கிட்டேதான் ஏறி வந்தேன்." அவர் கையை நீட்டிக் காட்டினார். "இந்தா, இங்க வந்து நிக்குது."

குனிந்து பார்த்தேன். காருக்கு அடியில் ஒரு தட்டு அகலத்துக்குக் கறுப்பாகத் தேங்கி, தூறல் தண்ணீரோடு சேர்ந்து, நிறம் நிறமாக மினுங்கி, ரோட்டோரமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.  அவர் அடுத்துச் சொன்னது எதுவும் எனக்கு ஏறவில்லை. வாசுகிதான் கேட்டாள்.

"ஆளுக்கு என்ன?"

"கால் மாட்டிக்கிச்சு. தூக்கிக்கிட்டு இருக்காங்க. பஸ் ரோட்ட அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு என்னைய எடுக்கச் சொல்லிட்டாங்க."

வாசுகி ஓடத் தொடங்கினாள். ஐம்பத்திரண்டு வயதில் நான் இறக்கத்தில் ஓடியது அதுதான் முதல் தடவை. அரைக் கிலோமீற்றர் இருக்கும். ஓடும்போதெல்லாம் கால் பக்கத்தில் அந்தக் கறுப்புக் கோடு கூடவே வந்தது. சில இடத்தில் நூல் மாதிரி, சில இடத்தில் கையகலம். எங்கள் பக்கத்தில் விழுந்ததை மழைத் தண்ணீர் வளைவில் குறுக்கே இழுத்து மறுபக்கம் கொண்டுபோயிருந்தது. இறங்கி வருகிற வண்டிகள் திரும்புகிற இடம் அது.

சிவப்பு ஓட்டோ. அதற்குள் நிமிர்த்திவிட்டிருந்தார்கள். கூரை நசுங்கி, முன்கண்ணாடி இல்லாமல், தேயிலைச் சரிவின் கல்கட்டில் சாய்ந்து நின்றது. ஓட்டியவரை ஒரு வேனின் பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து வயதுக்காரர். வலது கால் முழங்காலுக்குக் கீழே இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வேனின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையை மடியில் வைத்திருந்த பெண், அவர் மனைவி என்று பார்த்தவுடன் தெரிந்தது. அவள் நெற்றியில் ரத்தம். அவள் அதைத் துடைக்கவுமில்லை.

பதினைந்து பேராவது நின்றிருப்பார்கள். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. "எந்தப் பாவி ஒயிலக் கொட்டிட்டுப் போனான்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். வாசுகியின் கையைப் பிடித்துப் பின்னால் இழுக்கத்தான் போனேன்.

அவள் அதற்குள் வேனின் கதவருகே போய்விட்டாள்.

"ஒயில் எங்க கார்லேர்ந்து வந்தது. நான்தான் ஓட்டினேன்."

எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பக்கத்தில் நின்றவர் அவரைப் பிடித்துக்கொண்டார். அந்த மனைவி மட்டும் அசையவில்லை. வாசுகியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒழுகுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"கினிகத்தேனையில பாத்தேன். நாலஞ்சு சொட்டு. இவ்வளவுன்னு தெரியல."

"தெரிஞ்சும் வந்தீங்க."

"ஆமா."

 அந்த மனைவி வேனின் கதவைச் சாத்தச் சொன்னாள். வேன் நாவலப்பிட்டி ஆஸ்பத்திரியை நோக்கி இறங்கிப்போனது. அவள் பெயர் லெட்சுமி, கணவர் பெயர் தங்கராஜ், மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருப்பு, கினிகத்தேனைக்குச் சாமான் வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் நின்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அடுத்த வண்டி கவிழாமல் பார்க்க வேண்டும். லயத்துப் பெண்கள் இரண்டு பேர் உரப் பையில் அடுப்புச் சாம்பல் கொண்டுவந்தார்கள். எங்களைத் திட்டிக்கொண்டேதான் கொடுத்தார்கள். முன்பு கையை ஓங்கிக்கொண்டு வந்தவரே மண்வெட்டியோடு வந்தார். வாசுகி பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரமாகக் கீழே நடந்தாள். கோட்டின்மேல் சாம்பலைத் தூவினாள். நான் பின்னால் தேயிலை மிலாறுக் குச்சிக் கட்டு ஒன்றை வைத்துப் பெருக்கிப் பரப்பினேன். வருகிற வண்டிகளை ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். சாம்பல் ஒயிலைக் குடித்துக் கறுத்தது. மேலே இன்னொரு பிடி போட்டோம்.

நடக்க நடக்க வாசுகி ரோட்டையே பார்த்தாள். பிறகு நின்றாள். திரும்பி மேலே நடந்தாள். மறுபடி கீழே வந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"வாசு, என்ன?"

"இங்க பாருங்க. இந்த எடம் சமதரை. ஒரு சொட்டு இல்ல." அவள் ரோட்டைக் காட்டினாள். "அந்தா, ஏத்தம் தொடங்குற எடத்துல கோடும் தொடங்குது. வளைவுல நான் கியரக் கொறச்சு மிதிச்சேன்ல, அங்க கொட்டியிருக்கு."

"அதுக்கு என்ன?"

"பின்பக்கம் தேஞ்சு போயிருந்தா சமதரையிலயும் ஒழுகும். நிறுத்தி வெச்சாலும் ஒழுகும். இது எஞ்சின் கஷ்டப்படும்போது மட்டும் ஒழுகுது. எதுவோ உள்ளேர்ந்து ஒயிலைத் தள்ளுது."

சாம்பல் தூவி முடித்து மேலே கடைக்கு ஏறினோம். அவள் காரின் மூடியைத் தூக்கினாள். அளவுகோல் தன் இடத்தை விட்டு விரலளவு மேலே எழும்பி நின்றது. யாரும் தொடவில்லை. அவள் அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒயில் மீதி கொஞ்சம்தான் இருந்தது. ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள்.

"மெதுவா மிதிங்க. கொஞ்ச நேரம்தான்."

நான் மிதித்தேன். அவள் மேலே ஒயில் ஊற்றுகிற மூடியைத் திருகினாள். பாதி திருகுவதற்குள் 'புஸ்' என்று காற்றுச் சீறி, புகையும் ஒயிலும் அவள் முகத்தில் அடித்தது.

"நிறுத்துங்க!"

எனக்குப் புரிகிற மாதிரி அவள் சொன்னதை இங்கே எழுதுகிறேன். எஞ்சின் ஓடும்போது மேலே வெடிக்கிற வாயு கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும். புதுப் பிஸ்டன் வளையங்கள் பழகும்வரை அதிகமாகவே இறங்கும். அது வெளியே போக, பக்கவாட்டில் ஒரு மூச்சுக்குழாய் உண்டு. குழாய் அடைபட்டால் உள்ளே காற்று அழுத்தும். அழுத்தம் கிடைத்த சந்தால் எல்லாம் ஒயிலை வெளியே தள்ளும். சமதரையில் வாயு குறைவு. தம்புள்ளை ரோட்டில் அதனால்தான் ஒன்றும் தெரியவில்லை.

அவள் சைலன்சருக்குப் பக்கத்தில் கையை விட்டு அந்தக் குழாய் பூட்டியிருந்த தகட்டைக் கழற்றினாள். கை சுட்டது. பொருட்படுத்தவில்லை. கம்பி ஒன்றை வளைத்துக் குழாய்க்குள் விட்டு இழுத்தாள். முதலில் வரவில்லை. பிறகு வந்தது. சுருண்டு, ஒயிலில் ஊறி, கறுத்த ஒரு துணிப்பந்து.

வாசுகி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். 

"கண்டிப் பட்டறைக்காரன்" என்றாள். "பெயின்ட் அடிக்கிறப்ப அடைச்சு வெச்சிருக்கான். எடுக்கல. படுபாவி, எடுக்கல."

கடைக்காரரும் எட்டிப் பார்த்து, "கேஸ் போடுங்க அவன் மேல" என்றார். வாசுகி போனை எடுத்துவிட்டாள்.

நான் துணிக்காரன். தொட்டால் எனக்குத் துணி தெரியும். அந்தப் பந்தை அவள் கையிலிருந்து வாங்கி விரித்தேன். உள்மடிப்பில் ஒயில் முழுவதும் ஏறவில்லை. நீலக் கட்டம், ஓரத்தில் மெல்லிய அரக்குக் கோடு. எங்கள் கடையில் விற்ற லுங்கிச் சாரம். நான் கட்டிக் கிழிந்து, கொட்டகைக்குத் துடைக்கப் போட்ட சாரம்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். வளைவில் அவள் செய்ததைப் பார்த்துவிட்ட பிறகு எனக்கு அது முடியவில்லை.

"வாசு. இது நம்ம வீட்டுச் சாரம்."

அவள் வாங்கிப் பார்த்தாள்.  போனைக் கீழே வைத்தாள்.

"குழாய மண்ணெண்ணெயில கழுவினேன்" என்றாள் மெதுவாக. "தூசி போகக்கூடாதுன்னு அடைச்சேன். ஆமா. நான்தான் அடைச்சேன்."

பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்து, வேறு யாருடைய கைகளோ என்பதுபோலப் பார்த்தாள். ஒன்றரை வருடம், ஒரு திருகாணியைக்கூட இரண்டு தடவை சரிபார்க்காமல் விடாதவள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கடை வாசல் படியில் உட்கார்ந்து, தூறலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். கேட்காமலே இரண்டு கிளாஸ் பிளேன்டீ வந்தது. ஆறிப்போனது.

பிறகு குழாயைப் பூட்டினாள். கடைக்காரர் தனக்குத் தெரிந்த லொறிக்காரர் ஒருவரிடம் ஒயில் வாங்கித் தந்தார். கார் ஓடியது. மூடியைத் திறந்தால் சீறல் இல்லை. ஏற்றத்தில் கொஞ்ச தூரம் போய் வந்தோம். ஒரு சொட்டு விழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவே முடியாமல் இருந்தது. எவ்வளவு சின்ன வேலை!

வந்த வழியே இறங்கினோம். கினிகத்தேனையில் பொலிஸாரிடம் வாசுகி சிங்களத்தில் வாக்குமூலம் கொடுத்தாள். எழுதிக்கொண்ட அதிகாரி இடையில் பேனாவை வைத்துவிட்டு, துணி அடைத்தது யார் என்பதை மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னாள். நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். அவள் என் கையை அழுத்தினாள்.

இரவு நாவலப்பிட்டியில் தங்கினோம். அறை 4,500 ரூபாய். இரண்டு பேரும் தூங்கவில்லை என்பதைத் தவிர அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிறு மதியம் ஆஸ்பத்திரியில் பார்க்க விட்டார்கள். நுவரெலியா ஏரிக்கரையில் நாங்கள் நிற்க வேண்டிய நாள். தங்கராஜின் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. அந்தக் காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. லெட்சுமி கட்டிலருகே நின்றாள். நெற்றியில் தையல். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தங்கராஜ்தான் பேசினார். குரல் தளர்ந்திருந்தது.

"நீங்கதானா அந்த அக்கா? என்ன கோளாறு கார்ல? பின்சீலா?"

 நான் சொன்னேன். மூச்சுக்குழாய், துணி, சாரம், எல்லாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் ஒரு சத்தம் வந்தது. வலி என்று நினைத்தேன். சிரிக்கிறார்.

"சாரமா? என் காலு போனது ஒரு சாரத்தாலயா?"

"சிரிக்காதீங்க" என்றாள் லெட்சுமி. அவள் அழுதுகொண்டிருந்தாள். பிறகு வாசுகியிடம் திரும்பினாள். "சாரமோ வேட்டியோ, இவரு எப்ப எழும்புறது? நொறுங்கிக் கெடக்கிற ஓட்டோவ யாரு நேராக்குறது?"

"ஓட்டோவ நான் நேராக்குறேன்" என்றாள் வாசுகி. "ஆளு வெச்சு இல்ல. நானே."

"நேராக்கி? யாரு ஓட்டுறது?"

 லெட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கணவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"லைசன்ஸ் எடுத்து வெச்சு நாலு வருஷமாகுது. இவரு ஒரு நாளு கூட சாவிய குடுக்கல."

தங்கராஜ் கண்ணைத் திறந்தார்.

"மலை ரோட்லயா? ஒனக்கென்ன பைத்தியமா?"

"நீங்க படுங்க" என்றாள் லெட்சுமி.

வாசுகி லீவு போட்டுக் கினிகத்தேனையில் தங்கிவிட்டாள். ஒரு கராஜ்காரர் தன் இடத்தில் ஒரு மூலை கொடுத்தார். மைனரையும் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். நான் கடையைப் பார்க்க பஸ்ஸில் மாத்தளைக்குத் திரும்பினேன்.

சில வாரம் கழித்து அவளை அழைத்துவரப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியபோது சிவப்பு ஓட்டோ எனக்காகக் காத்திருந்தது. கூரை நேராகியிருந்தது. கண்ணாடி புதிது. ஓட்டுநர் இருக்கையில் லெட்சுமி. வாசுகி அவளுக்குப் பின்னேரங்களில் அந்த ரோட்டில் ஏற்றமும் இறக்கமும் பழக்கிவிட்டிருக்கிறாள். 

"ஏறுங்க. வாசுகியக்கா மேல எங்க வீட்ல இருக்காங்க. இவரு கால் கட்டப் பிரிச்சுட்டாங்க, பாக்கப் போயிருக்காங்க."

வாசுகியக்கா என்றாள்.  தூறல் இருந்தது. அந்த வளைவு வந்தபோது நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் கியரைக் குறைத்தாள். ரோட்டை ஒரு பார்வை பார்த்தாள். ஓட்டோ நிதானமாகத் திரும்பி ஏறியது. சாம்பலின் தடயம் எதுவும் இல்லை. மழை எப்போதோ கழுவிவிட்டது.

மாத்தளையில் எங்கள் கடைத் தெரு சமதரை. லொறிகள் நின்று போன இடமெல்லாம் ஒயில் படிந்து கிடக்கும். இத்தனை வருடம் அதை மிதித்துக்கொண்டுதான் கடை திறந்திருக்கிறேன். அங்கே விழுந்தது விழுந்த இடத்திலேயே காயும். மலையில் அப்படி இல்லை. நாம் விட்டுப்போனது கீழே இறங்கிப் போய், நமக்குத் தெரியாத ஒருவர் வருகிற நேரத்தில் அவர் வழியில் கிடக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. தவணைக்குத் தவணை வாசுகி போய் வருகிறாள். தங்கராஜ் ஊன்றுகோலோடு நடக்கிறார். செருப்பு அந்தக் காலில் நிற்பதில்லை என்கிறார். நுவரெலியாவில் ஏரிக்கரை எப்படி இருந்தது, எத்தனை கார் வந்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

அன்றைக்கு நாங்கள் புறப்பட்டபோது, வாசுகி மேலே கொண்டுவந்திருந்த மைனர் லயத்துக்கு முன்னால் ரோட்டோரத்தில் நின்றது. தங்கராஜ் வாசலில் நாற்காலியில் இருந்தபடி கையை ஆட்டினார். வாசுகி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினாள். நான் கதவைச் சாத்தப்போனேன். லெட்சுமி கையைக் காட்டி நிறுத்தினாள். காருக்கு முன்னால் வந்து, புடவையை ஒதுக்கிக் குந்தி, எஞ்சினுக்கு அடியில் கையை விட்டாள். தரையைத் தடவினாள். கையை வெளியே எடுத்து, உள்ளங்கையை வெளிச்சத்தில் பிடித்து, விரல் விரலாகப் பார்த்தாள். 

"சரி" என்றாள். "இப்ப போங்க."